மதிலுக்கு அந்தப்புறம் போன தண்ணீர்

2024 ஜூன் 12, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். இரவு மழை விட்டிருந்தது. மழை அளக்க முற்றத்தில் வைத்திருக்கும் பெயின்ட் வாளியில் நான்கு விரற்கடைத் தண்ணீர், குறித்துக்கொண்டு கொட்டினேன். 5.25க்குக் குழாயில் தண்ணீர் வந்தது, 6.10க்கு நின்றது. அதற்குள் இரண்டு டிரம்மும் நிரம்பிவிட்டன. 6.15 முதல் 7 வரை துணி துவைத்தேன்: இரண்டு புடவை, ஒரு படுக்கை விரிப்பு, இரண்டு தலையணை உறை. 7.20க்கு இட்லி, சாயா. அன்று அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். காஸ் அடுப்பு பழுது பார்க்கிறவர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வரவில்லை. 11.20க்கு வாசல் மணி அடித்தது. அவர்தான் என்று நினைத்துப் போனேன். தபால்காரர், பதிவுத் தபால்.

இதுவரை உள்ளது டைரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அன்றைய பக்கத்தில் ஒரு வரிதான்: "அக்கா தரப்பு வக்கீல் நோட்டீஸ், நான்கு பக்கம்." மீதியை இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டில் ஒன்று நாங்கள், மற்றது அவர்கள். என் வீட்டுப் பின்மதிலும் அவர்கள் வீட்டுப் பின்மதிலும் ஒரே மதில். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கணவர் போய்விட்டார். ஒரே மகன், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு, ஆறு வருடமாகத் தனியாக இருக்கிறேன். வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

என் வீட்டின் குறை ஒன்றே ஒன்று. முன்னால் இருக்கும் தெருவுக்கு ஒவ்வொரு தடவையும் பழைய தாரைக் கிளறாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு என் வாசற்படியைவிட ஒன்றரைச் சாண் உயர்ந்துவிட்டது. அதனால் வீட்டுத் தண்ணீர் முன்பக்கம் போகாது. கக்கூஸ் தொட்டி தனி. குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், முற்றத்து மழைத் தண்ணீர் எல்லாம் பின்பக்கம் ஓடி, மதிலின் அடியில் இருக்கும் ஒரு திறப்பு வழியாக அக்காவின் கொல்லைக்குள் இறங்கி, அங்கே செங்கல் கட்டிய ஓடையில் பதினான்கு தப்படி போய், கோடியில் இருக்கும் தோட்டில் விழும். தோடு என்றால் காயலில் சேர்கிற சிறு கால்வாய். வேறு வழி என் வீட்டுக்குக் கிடையாது. உறிஞ்சுகுழி தோண்டலாமே என்பார்கள் புதிதாக வருகிறவர்கள். மட்டாஞ்சேரியில் ஒரு முழம் தோண்டினால் கீழிருந்து தண்ணீர் மேலே வரும்.

நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவின் வீடும் கொல்லையும் விற்பனைக்கு ஒப்பந்தம் ஆகியிருப்பதாகவும், என் கழிவுநீர் அவர்கள் நிலத்தின் வழியாகப் போவது அக்கா அவ்வப்போது தந்த அனுமதியின் பேரில் மட்டுமே நடந்ததாகவும், அந்த அனுமதி இத்துடன் திரும்பப் பெறப்படுவதாகவும், பதினைந்து நாளில் நான் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் திறப்பு சிமென்ட் வைத்து அடைக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. கழிவு என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல். இடது பக்கம் தேதி, வலது பக்கம் ஒரு வாக்கியம். முதல் வரியைப் படித்ததும் எனக்கு அது எங்கேயோ படித்தது போல இருந்தது. இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது. என் டைரி.

இதை விளக்க வேண்டும். அந்த ஓடை வருடத்துக்கு ஒரு தடவை, ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால், மே மாதம் மூன்றாவது ஞாயிறு தூர் வாரப்படும். வாருகிறவள் நான்தான், என் தண்ணீர்தானே. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போவேன். வறுத்து அரைத்த காப்பிப்பொடி கால் கிலோ கொண்டுபோவேன். "நாளைக்கு ஓடை வாரட்டுமா அக்கா?" என்று கேட்பேன். "இதையெல்லாம் கேக்கணுமாடி" என்பாள். ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி, அதே பதில். பிறகு அந்தக் காப்பிப்பொடியிலேயே காப்பி போட்டுக் கொடுப்பாள். இரவு டைரியில் எழுதுவேன்: "ஓடை வார அக்காவிடம் கேட்டேன். சம்மதித்தாள்." அடுத்தவர் கொல்லையில் கால் வைப்பதற்கு முன் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எழுதி வைப்பது என் பழக்கம். 2002இல் தொடங்கி ஒரு வருடம்கூட விட்டதில்லை.

நோட்டீஸில் இருபத்திமூன்று தேதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அனுமதி கேட்கப்பட்டது, வழங்கப்பட்டது என்று ஆங்கிலத்தில். சில வருடங்களில் நான் அக்காவின் பதிலையும் அப்படியே எழுதியிருந்தேன். கேக்கணுமாடி என்ற பதில் ஒரு இடத்திலும் இல்லை. அதை மட்டும் விட்டுவிட்டிருந்தார்கள்.

மார்ச் மாதம் அக்கா வந்து கேட்டாள். கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது எந்த வருடம், எந்தத் தேதி என்று ஏதோ காகிதத்தில் எழுத வேண்டுமாம். "நீதான் எல்லாம் எழுதி வப்பியே. வருஷமே நெனவில்லடி, மொத்தமாக் கொடு, நிதானமாப் பாத்துக்கறேன்" என்றாள். இருபத்திரண்டு டைரிகள். இரண்டு சாக்குப் பையில் போட்டு, இரண்டு நடையாக நானே சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தன. அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் செய்தித்தாளிலிருந்து கிழித்த சிறு துண்டு ஒன்று செருகியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் மே மாதப் பக்கங்களில். ஆபரேஷன் நடந்தது செப்டம்பரில். அது எனக்கே நினைவிருந்தது. அப்படியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய நாட்களைப் படித்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். துண்டுகளை உருவிக் காகிதக் குப்பையில் போட்டேன்.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மகன்மேல் பழி போட்டுப் பார்த்தேன். போட்டோ எடுத்திருப்பான், வக்கீலிடம் கொடுத்திருப்பான், அக்காவுக்குத் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு ஐந்து நிமிடம் நின்றது. அவன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. மலையாளம்தான் பள்ளிக்கூடத்தில். பஸ் பலகைத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். என் கையெழுத்தோ பொடி எழுத்து. அந்த வீட்டில் என் டைரியை வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பக்கம் பக்கமாக வாசித்துச் சொல்லியிருக்க வேண்டும், அவன் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

11.50க்குப் பின்வாசல் வழியாகப் போனேன். மதிலில் ஒரு சிறு கதவு உண்டு, அதற்குப் பூட்டு இருந்ததில்லை. அக்கா சமையலறைப் படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா. தபால் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்னான். பரவால்லியே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஆபரேஷன் தேதிக்குன்னுதானே அக்கா டைரியை வாங்கினீங்க?"

"அதும் பாத்தேன். செப்டம்பர் பதினேழு. அதைப் பாத்துட்டுத்தான் மத்ததைப் பாத்தேன்." கொட்டையைக் கிண்ணத்தில் போட்டாள். "நான் திருடலியே. நீயேதான சொமந்துட்டு வந்தே."

உள்ளே இருந்து மகன் வந்தான். அன்று வீட்டிலிருந்தே வேலை. காதில் மாட்டியதைக் கழுத்தில் இறக்கி விட்டுக்கொண்டு நின்றான். சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

"சித்தி, தப்பா நெனைக்காதீங்க, கேட்டீங்களா. வாங்கறவங்க ஹோம்ஸ்டே கட்டறாங்க. எடத்துக்கு நடுவுல இன்னொருத்தங்க கழிவு போற ஓடை இருந்தா அவங்க எடுக்க மாட்டாங்க. இந்த எடத்துலதான் ஸ்விம்மிங் பூல் வருது." ஓடை மேல் கையை நீட்டி நீளம் அகலம் காட்டினான்.

"அப்ப எங்க வீட்டுத் தண்ணி எங்க போகும்?"

"அது கார்ப்பரேஷன்ல போய்க் கேக்கணும் சித்தி."

"நீதான் கேக்கறதுல கெட்டிக்காரியாச்சே," என்றாள் அக்கா. "அங்க போய்க் கேளு."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது போலத் தெரிந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிய வேண்டியிருந்ததோ என்னவோ.

என் பின்னால் வாழைக்கூட்டம் நின்றது. ஓடையின் இரண்டு பக்கமும் வாழை, சேம்பு, நடுவில் ஒரு பாத்தி சிவப்புக் கீரை. மார்ச், ஏப்ரலில் குழாய் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். அப்போதெல்லாம் மதிலுக்கு அந்தப்புறமிருந்து குரல் வரும்: "ஏண்டி, இன்னிக்குத் துணி தொவைக்கலியா? என் சேம்பு வாடுது." நான் அழுக்குத் துணி இல்லாவிட்டாலும் இரண்டு துணியை நனைத்துப் பிழிவேன். ஒரு தடவை கீரை ஓரம் கருகுகிறது, உன் சோப்பில் காரம் அதிகம் என்றாள். அன்று முதல் காரம் குறைந்த சோப்புக்கு மாறினேன். புடவை அழுக்கு சரியாகப் போகாது, பொறுத்துக்கொண்டேன். நான் வெளியே விட்டது கழிவு. மதிலைத் தாண்டியதும் அது அவளுக்குப் பாசனம். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை, அது அவ்வளவு சாதாரணம்.

"அந்த வாழை எந்தத் தண்ணில வளந்துச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"மழைத் தண்ணில."

"சேம்பு வாடுது, தண்ணி விடுன்னு நீங்க எத்தன தடவ கேட்டிருக்கீங்க."

அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அதை எங்கயாவது எழுதியிருக்கியாடி? இருவத்திரண்டு புஸ்தகமும் படிச்சேன். ஒரு எடத்துலயும் இல்ல."

தேடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் பக்கம் உதவுகிற வரிகளை மட்டும் தேடவில்லை. என் பக்கம் உதவக்கூடிய வரி ஏதாவது இருக்கிறதா என்றும் தேடி, இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள்.

அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடம், தினமும் விரிப்பு துவைக்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் ஓடை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நான் அலுவலகத்திலிருந்து திரும்பி வருவதற்குள் அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானே குச்சி வைத்துக் குத்திவிட்டிருப்பாள். அதெல்லாம் டைரியில் இருக்கிறது. அவள் எனக்குச் செய்தது எல்லாம் தேதியோடு இருக்கிறது. அதையும்தான் அவள் படித்திருப்பாள். கதவு வழியாகத் திரும்பி வந்தேன்.

2.30க்குத் தோப்பும்படியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் போனில் சொல்லி அனுப்பியிருந்தார். போட்டோகாப்பிக் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி, தமிழ் தெரியும். நோட்டீஸை வாசித்தாள். பிறகு நான் கொண்டுபோயிருந்த ஐந்து டைரிகளில் மே மாதப் பக்கங்களை வாசித்தாள். தமிழை என்னைவிட மெதுவாக, ஆனால் தப்பில்லாமல் வாசித்தாள்.

"சேச்சி எதுக்காக்கும் ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்டது?"

"மரியாதைக்கு."

"மரியாதைக்குச் சட்டத்துல இடம் இல்ல சேச்சி." சிரிக்கவில்லை. "ஒருத்தர் நிலத்து வழியா நம்ம தண்ணி போறது, வழி நடக்கறது, இதுக்கெல்லாம் ஈஸ்மென்ட்னு ஒரு உரிமை உண்டு. இருவது வருஷம், தடையில்லாம, எல்லாரும் பாக்கற மாதிரி, என் உரிமைன்னு விட்டிருந்தா அது கிடைக்கும். நீங்க மிண்டாம, ஒண்ணும் கேக்காம இருந்திருந்தா அந்த இருவது வருஷம் தாண்டி ரெண்டு வருஷமாச்சு. ஆனா கேட்டு விட்டா அது உரிமை இல்ல, அவங்க தயவு. தயவை எப்ப வேணும்னாலும் திருப்பி எடுக்கலாம்."

"தண்ணீர் தினமும் போச்சு. நான் கேட்டது வருஷத்துக்கு ஒரு நாள். அதும் தூர் வாரறதுக்கு."

"அதைத்தான் நான் கோர்ட்ல சொல்லப் போறேன். வாரறதுக்குக் கேட்டது வேற, விடறதுக்குக் கேட்டது வேறன்னு. கேக்கணுமாடின்னு அவங்க சொன்னதையும் காட்டுவேன். பக்ஷே இதைப் பாருங்க." நோட்டீஸ் பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

இந்த வருட மே 18. அன்று நான் போய் வழக்கம் போலக் கேட்டபோது அக்கா, கேக்கணுமாடி என்று சொல்லவில்லை. "சரி, இந்த வருஷத்துக்கு விட்டுக்கோ" என்றாள். பக்கத்தில் மகன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு மாறியிருந்ததை நான் கவனித்தேன். கவனித்து, அப்படியே சொல் மாறாமல் அன்று இரவு எழுதியும் வைத்தேன். அவர்களுக்கு என் டைரி அன்று தேவைப்படவில்லை. போனில் பதிவாகியிருந்தது.

"யாரோ சொல்லிக்கொடுத்துச் சொன்ன வாக்கு அது," என்றாள் வக்கீல். "இனி கேளுங்க. அந்தக் கொல்லைல தண்ணி எடுத்து அவங்க கிருஷி பண்ணினாங்கன்னு சொல்றீங்க. அதுக்கு என்னமாவது எழுத்து உண்டா? போட்டோ?"

இல்லை என்றேன். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு இரண்டாவது தடவை.

அவள் பேனாவை மூடினாள். திறப்பை அடைக்கக் கூடாது என்று தடை உத்தரவு கேட்டு மனு போடலாம், வேறு வழியே இல்லாத வீடு என்பதையும் சொல்லலாம், நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றாள். எழுந்தபோது ஒன்று சொன்னாள்.

"ஒரு காரியம் சேச்சி. மனு போடற வரைக்கும் ஓடை அடைஞ்சு போக விடாதீங்க. தண்ணி நின்னுடுச்சுன்னு அவங்க எழுதக் கூடாது. அப்புறம், இனி அந்த வீட்ல ஒண்ணும் கேக்காதீங்க. ஒரு வார்த்தை கேட்டாலும் அது இன்னொரு சம்மதம் ஆயிடும்."

"கேக்காம எப்படி அவங்க கொல்லைக்குள்ள போறது?"

"போங்க. அத்தனதான்."

5.10க்கு வீடு திரும்பினேன். விளக்கேற்றிவிட்டு டைரிகளை இறக்கினேன். 2002 முதல் வரிசையாக. மார்ச், ஏப்ரல் பக்கங்களை மட்டும் பார்த்தேன். அக்கா தேடிய அதே இடத்தில் நானும் தேடினேன். "அக்கா கொடுத்தது: வாழைப்பழம் ஒரு சீப்பு." "அக்கா கொடுத்தது: சேம்பு, சுமார் ஒரு கிலோ." "புதிய சோப்பு வாங்கினேன். காரம் குறைவு." எதற்குக் கொடுத்தாள், ஏன் மாற்றினேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. "குழாய் வரவில்லை. டிரம் தண்ணீரில் இரண்டு துணி நனைத்தேன்" என்று ஒரு நாள் இருந்தது. அந்தத் தட்டுப்பாட்டு நாளில், அழுக்கில்லாத இரண்டு துணியை எதற்கு நனைத்தேன் என்று படிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்.

நான் எதையும் விடாமல் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். அது சரியில்லை. மற்றவர்களிடம் நான் கேட்டதை எழுதினேன், மற்றவர்கள் எனக்குத் தந்ததை எழுதினேன். மற்றவர்கள் என்னிடம் கேட்டதை எழுதவில்லை. எழுதினால் நான் செய்ததைச் சொல்லிக்காட்டுவது போல இருக்கும் என்று கூச்சம். டைரியை யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அந்தக் கூச்சமும் பட்டிருக்கிறேன். இருபத்திரண்டு புத்தகமும் சேர்ந்து, ஒருத்தி வாங்கிக்கொண்டே இருந்தாள், இன்னொருத்தி கொடுத்துக்கொண்டே இருந்தாள் என்றுதான் சொல்கின்றன. பொய்யாக ஒரு வரி இல்லை.

வேண்டாம் என்று வெளியே விட்ட பொருள் யாருடையது என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. மாதா மாதம் பிளாஸ்டிக் எடுத்துப்போக வரும் பெண்களிடம் பையைக் கொடுத்தவுடன் கையைக் கழுவிவிடுகிறேன், அதோடு சரி. தண்ணீரையும் அப்படித்தான் நினைத்தேன். என் முற்றத்தில் இருக்கும்வரை என்னுடையது, மதிலைத் தாண்டினால் இல்லை. நோட்டீஸ் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. நாற்றம் என்றால், கொசு என்றால், பதினான்கு தப்படி தாண்டித் தோட்டில் விழும்வரை அது என் தண்ணீர். வாழைக்குலை என்றால் மட்டும் அது மழைத் தண்ணீர்.

7.40க்கு மழை பிடித்தது. இரண்டு தோசை சாப்பிட்டேன். அக்கா வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தத் தொடர் முடிந்ததும் மதிலருகே வந்து, இன்னிக்கு அவ செத்துட்டாடி, அல்லது சாகலடி என்று எனக்குக் கதை சொல்வாள். அன்று தொடர் முடிந்தது, சத்தம் நின்றது. அவ்வளவுதான். 9.15க்குப் படுத்தேன்.

மறுநாள், ஜூன் 13, மழைச் சத்தத்தில் 4.40க்கே விழிப்பு வந்தது. விளக்கைப் போட்டேன். முற்றத்தில் தண்ணீர் நின்றது. சமையலறைப் படிக்கு இரண்டு விரற்கடை கீழே. இன்னும் ஒரு மணி நேரம் பெய்தால் உள்ளே வந்துவிடும். திறப்பில் கம்பி விட்டுப் பார்த்தேன். என் பக்கம் அடைப்பு இல்லை. அந்தப் பக்கம்தான்.

வேறு எந்த வருடமாக இருந்தாலும் மதில் ஓரம் நின்று, அக்கா, ஓடை அடைச்சிருக்கு, வரட்டுமா என்று குரல் கொடுத்திருப்பேன். குரல் தொண்டை வரை வந்துவிட்டது. வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்ததால் நிறுத்தினேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அந்த வீட்டில் இனி ஒன்றைக் கேட்பது என்னால் முடியாது என்று தெரிந்தது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியும் வாளியும் எடுத்து, சிறு கதவைத் திறந்து கொல்லைக்குள் இறங்கினேன். குடை பிடிக்கக் கை இல்லை. அக்காவின் சமையலறையில் விளக்கு எரிந்தது. அவளும் ஐந்து மணிக்கு எழுகிறவள்தான். நான் மூன்றாவது வாளி அள்ளும்போது பின்கதவு திறந்தது. அவள் படியில் வந்து நின்றாள். நான் நிமிரவில்லை. அவள் கால்களும் சேலையின் கரையும் மட்டும் தெரிந்தன. ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள் என்றுகூடத் தோன்றியது. சேம்பு இலை, பழுத்த வாழைச் சருகு, ஒரு பால் பாக்கெட் உறை, நிறையச் சேறு. எல்லாவற்றையும் வாளியில் அள்ளினேன். ஆறாவது வாளிக்குத் தண்ணீர் அசைந்தது, பிறகு சுழித்துக்கொண்டு தோட்டுப் பக்கம் ஓடத் தொடங்கியது.

அள்ளிய சேற்றை அவள் வாழையடியில் கொட்டுவதுதான் வழக்கம். அதற்கு நல்ல உரம். அன்று ஆறு வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு என் முற்றத்துக்கே வந்தேன்.